5,000 ஆய்வுக் கட்டுரைகள்: அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

"கடந்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து 5,000 ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன" என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாரார் 5,000 புதிய கண்டுபிடிப்புகள் நடந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு சாரார், "எல்லாம் பதவி உயர்வுக்காக எழுதித் தள்ளுவது" என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுமே சரியில்லை. மருத்துவம் என்று வந்துவிட்டால் இந்தக் குழப்பம் ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது. ஏதோ ஒரு கட்டுரையைக் காட்டி "ஆய்வில் நிரூபணம் ஆகிவிட்டது" என்று மருந்தைத் தொடங்குகிறவர்களும் உண்டு, நிறுத்துகிறவர்களும் உண்டு.

அந்த எண் எப்படி வருகிறது, அதற்குள் எவை இருக்கின்றன, எவை விட்டுப்போகின்றன என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

## ஒரு கட்டுரை, ஒரு சாட்சியம்

நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. சாட்சி கூண்டில் ஏறி, தான் எங்கே நின்றார், எதைப் பார்த்தார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார் என்று சொல்கிறார். குறுக்கு விசாரணை நடக்கிறது. சொன்னது பதிவாகிறது. அதோடு வழக்கு முடிந்துவிடுமா? முடியாது. மற்ற சாட்சிகளும் வரவேண்டும், அவர்கள் சொல்வது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அப்புறம்தான் தீர்ப்பு.

ஆய்வுக் கட்டுரையும் இப்படிப்பட்ட ஒரு சாட்சியம்தான். "இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டோம், இந்த முறையில் அளந்தோம், இது கிடைத்தது, ஆகவே இப்படி நினைக்கிறோம்" என்று ஒரு குழு கையெழுத்துப் போட்டுப் பொதுவில் வைக்கும் வாக்குமூலம் அது. அந்தக் கேள்வியில் பல குழுக்கள் தனித்தனியே வேலை செய்து, அவற்றின் முடிவுகள் ஒத்துப்போகும்போதுதான் தீர்ப்பு போன்ற ஒன்று உருவாகிறது. அதற்குச் சில சமயம் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும்.

குறுக்கு விசாரணைக்கு இங்கே சகமதிப்பாய்வு என்று பெயர். ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அந்த இதழின் ஆசிரியர் அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுதான் அது. அவர்கள் பெரும்பாலும் ஊதியம் எதுவும் வாங்காமல் படிக்கிறார்கள். "இந்த முடிவுக்கு இந்தத் தரவு போதாது", "இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்", "இதை வெளியிட வேண்டாம்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். இப்படித் திருத்தி, மறுத்து, மறுபடி அனுப்பி ஒரு கட்டுரை வெளிவருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மதிப்பாய்வு செய்கிறவர் அந்தச் சோதனையைத் தானும் செய்து பார்ப்பதில்லை. மூலத் தரவைக்கூடப் பல நேரம் பார்ப்பதில்லை. எழுதப்பட்டதை நம்பித்தான் அதன் தர்க்கத்தைச் சோதிக்கிறார். 2020 மே மாதம் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கோவிட் நோயாளிகளின் மரணத்தைக் கூட்டுகிறது என்று வந்த கட்டுரை இதற்கு உதாரணம். 671 மருத்துவமனைகள், 96,000 கோவிட் நோயாளிகள் என்று பிரம்மாண்டமான தரவு. அதை வைத்து உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆனால் தரவைக் கொடுத்த நிறுவனம் அதைத் தனியாகச் சரிபார்க்க யாருக்கும் அனுமதி தரவில்லை. இரண்டே வாரத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மற்ற ஆய்வாளர்கள் எண்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கேள்வி மேல் கேள்வி எழுப்பியதால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. உண்மையான குறுக்கு விசாரணை கட்டுரை வெளியான பிறகே தொடங்குகிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த மதிப்பாய்வுக்கு முன்பே பொதுவில் ஏற்றப்படும் கட்டுரை முன்பதிப்பு எனப்படும். இயற்பியலில் 1991-ல் தொடங்கிய 'ஆர்க்கைவ்' என்ற தளம் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. மருத்துவத்துக்கான 'மெட்ஆர்க்கைவ்' 2019-ல் வந்தது, கோவிட் காலத்தில் பெரிதும் பயன்பட்டது. குறுக்கு விசாரணை இன்னும் நடக்காத சாட்சியம் என்ற நினைப்போடு இவற்றைப் படிக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: கட்டுரை என்பது ஒரு குழுவின் வாக்குமூலம். சகமதிப்பாய்வு அதன் தர்க்கத்தைப் பார்க்கிறது, உண்மைக்கு உத்தரவாதம் தருவதில்லை. தவறு வெளியான பின்னும் பிடிபடலாம், பிடிபட்டால் திரும்பப் பெறப்படும்.

## கட்டுரை மட்டுமா வெளியீடு?

இல்லை. ஆய்வில் விளைந்து, பொதுவில் வைக்கப்படும் எல்லாமே ஆய்வு வெளியீடுதான். முனைவர் பட்ட ஆய்வேடுகள், மற்றவர்களும் பயன்படுத்தும் தரவுத் தொகுப்புகள், மென்பொருள்கள், காப்புரிமைகள், மருத்துவர்களுக்கான சிகிச்சை வழிகாட்டுதல்கள் எல்லாம் இதில் சேரும். 1921-22-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டபோது கட்டுரைகளும் வந்தன, காப்புரிமையும் வந்தது. கண்டுபிடித்தவர்கள் அந்த உரிமையைத் தலா 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டில் எது உலகத்துக்கு அதிகம் உதவியது என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் எண்ணுவதற்குச் சுலபமாக இருப்பது கட்டுரைதான். அதனால் "வெளியீடு" என்ற பேச்சு நடைமுறையில் கட்டுரை எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகிறது. பத்து ஆண்டு உழைத்து ஒரு மென்பொருளை எழுதியவர்கூட, அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால்தான் கணக்கில் வருவார்.

## மருத்துவ ஆய்வில் எல்லாச் சாட்சியும் ஒரே எடை இல்லை

மருத்துவக் கல்லூரி உள்ள பல்கலைக்கழகத்தில் வெளியாகும் கட்டுரைகளில் பல வகை உண்டு. ஒரு நோயாளிக்கு நேர்ந்த அபூர்வமான நிலையை விவரிப்பது தனிநோயாளி அறிக்கை. ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, எந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு எந்த நோய் வருகிறது என்று பார்ப்பது அவதானிப்பு ஆய்வு. இதில் ஆய்வாளர் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை, கவனிக்க மட்டும் செய்கிறார்.

அவதானிப்பு ஆய்வில் ஒரு பொறி இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பதாகப் பல அவதானிப்பு ஆய்வுகள் காட்டின. மருத்துவர்கள் அதை நம்பிப் பரிந்துரைத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சேர்த்து நடந்த பெரிய சோதனை 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. மாத்திரை எடுத்தவர்களுக்கு இதய நோய் குறையவில்லை, சற்றே கூடியது. மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடின. முதலில் ஏன் நேர்மாறாகத் தெரிந்தது? அந்தக் காலத்தில் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாக வசதியானவர்கள், உடல்நலத்தில் அக்கறை காட்டியவர்கள். இதய நோய் குறைவாக இருந்ததற்கு மாத்திரையைவிட அந்த வாழ்க்கையே பெரிய காரணம் என்று தெரிந்தது.

இந்தப் பொறியைத் தவிர்க்க இருக்கும் வழிதான் சமவாய்ப்புச் சோதனை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் புதிய மருந்தைக் கொடுப்பது. யார் எந்தக் குழு என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் வயது, வசதி, பழக்கம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். கடைசியில் வித்தியாசம் தெரிந்தால் அதற்கு மருந்தே காரணம் என்று சொல்லத் துணியலாம். 1948-ல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை இதன் முன்னோடி. காசநோயாளிகள் 107 பேர். மருந்து கிடைத்த 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4. படுக்கை ஓய்வு மட்டும் கிடைத்த 52 பேரில் இறந்தவர்கள் 14.

இப்படிப்பட்ட பல சோதனைகளைத் தேடிச் சேர்த்து, தரத்தைச் சோதித்து, மொத்தமாக என்ன சொல்கின்றன என்று பார்ப்பது முறையான தொகுப்பாய்வு. 1993-ல் தொடங்கிய காக்ரேன் என்ற அமைப்பு இதையே தன் முழு வேலையாக வைத்திருக்கிறது. தீர்ப்புக்கு மிக அருகில் வருவது இந்த வகைக் கட்டுரைதான்.

ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய இரண்டு பக்க அறிக்கையும், பல ஆயிரம் பேரை வைத்து ஆண்டுக்கணக்கில் நடந்த சோதனையும் அந்த 5,000-க்குள் ஆளுக்கு 1 என்றுதான் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கையை மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

## எண்ணில் வராத கட்டுரை

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்திலேயே முக்கியமான பகுதி இதுதான். ஒரு பல்கலைக்கழகம் எதை வெளியிட்டது என்று எல்லோரும் கேட்கிறோம். எதை வெளியிடவில்லை என்று கேட்பவர்கள் குறைவு.

1980-ல் பிரிட்டனில் மாரடைப்பு வந்த 95 நோயாளிகளிடம் லார்கைனைடு என்ற மருந்து சோதிக்கப்பட்டது. மாரடைப்புக்குப் பிறகு சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், அதை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்பது அன்றைய எண்ணம். துடிப்பு அடங்கியது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1 பேர். தற்செயல் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். வணிகக் காரணங்களால் அந்த மருந்தும் கைவிடப்பட்டது. அதனால் கட்டுரை வெளியாகவில்லை.

இதற்கிடையில் அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் சந்தைக்கு வந்து, மாரடைப்பு நோயாளிகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டன. 1989-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனை, அவற்றில் இரண்டு மருந்துகள் மரணத்தை அதிகப்படுத்துகின்றன என்று காட்டியது. 1993-ல் பழைய லார்கைனைடு ஆய்வாளர்கள் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அன்றே வந்திருந்தால் இது ஒரு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள்.

நல்ல முடிவு வந்த ஆய்வுகள் அச்சேறுவதும், "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிந்தவை மேசை இழுப்பறைக்குள் தங்கிவிடுவதும் வெளியீட்டுச் சாய்வு எனப்படும். ஒரு பக்கச் சாட்சிகளை மட்டும் கூண்டில் ஏற்றினால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதைத் தடுக்கத்தான் சோதனைப் பதிவு வந்தது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, யாரிடம், எதை, எப்படி அளக்கப் போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவின் 'கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ்' பதிவேடு 2000-ல் திறக்கப்பட்டது. பதிவு செய்யாத சோதனைகளை இனி ஏற்கமாட்டோம் என்று 2005-லிருந்து முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் கறாராக நின்றார்கள்.

மீண்டும் ஒரு சுருக்கம்: மருத்துவக் கட்டுரைகளின் எடை வகைக்கு வகை மாறும். குலுக்கல் முறையில் நடந்த சோதனைகளும் அவற்றின் தொகுப்பாய்வும் கனமானவை. வெளிவராமல் போன முடிவும் உயிரைப் பாதிக்கும்.

## எண்ணுகிறவர் யார்?

பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தாங்களாகக் கைவிட்டு எண்ணுவதில்லை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கான இதழ்களின் கட்டுரைகளைப் பதிவு செய்கின்றன. கட்டுரையாளர் தன் பெயருக்குக் கீழே எந்த நிறுவனத்தின் பெயரை எழுதியிருக்கிறாரோ, அந்த நிறுவனத்தின் கணக்கில் அது சேரும். தரவுத்தளத்தில் இல்லாத இதழில் வந்த கட்டுரையும், ஆங்கிலம் அல்லாத மொழிகளில் வந்த பல கட்டுரைகளும் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிடும்.

கூட்டாக எழுதினால் என்ன ஆகும்? ஹிக்ஸ் போசான் துகளின் நிறையைப் பற்றி 2015-ல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 கட்டுரையாளர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களுமே. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதை ஒரு முழுக் கட்டுரையாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இது முழு எண்ணல். பங்கு போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னத்தை மட்டும் தருவது பின்ன எண்ணல். ஒரே பல்கலைக்கழகம் ஒரு முறையில் மேலேயும் மற்றொரு முறையில் கீழேயும் தெரிவதற்கு இதுவே ஒரு காரணம்.

துறையும் கணக்கை மாற்றும். மருத்துவத்தில் கட்டுரைகள் அதிகம், குழுக்கள் பெரியவை. கணிதத்தில் ஒருவர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு எழுதினாலே அது நல்ல உழைப்பு. பெரிய மருத்துவமனையோடு இணைந்த பல்கலைக்கழகத்தையும், கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் பேர்போன பல்கலைக்கழகத்தையும் வெறும் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

## மேற்கோள், எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபாக்டர்

எண்ணிக்கை போதாது என்று தெரிந்ததும் அடுத்து வந்தது மேற்கோள். ஒரு கட்டுரையைப் பின்னால் வரும் எத்தனை கட்டுரைகள் தங்கள் சான்றுப் பட்டியலில் குறிப்பிடுகின்றன என்பதே அதன் மேற்கோள் எண்ணிக்கை. பயன் இருந்தால்தானே பிறர் குறிப்பிடுவார்கள் என்பது இதன் பின்னுள்ள நியாயம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் திட்டுவதற்காகக் குறிப்பிட்டாலும் எண்ணிக்கை ஏறும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 12 குழந்தைகளை வைத்து 1998-ல் 'லான்செட்'டில் வந்த கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு வந்த மேற்கோள்களில் பெரும்பாலானவை அதை மறுப்பவை.

எச்-இண்டெக்ஸ் 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு. ஒருவரின் 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 10. 11 ஆக வேண்டுமானால் 11 கட்டுரைகளுக்குத் தலா 11 வேண்டும். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே மூத்தவர்களுக்கு இயல்பாகவே அதிகமாக இருக்கும்.

இம்பாக்ட் ஃபாக்டர் இதழுக்கான அளவு, கட்டுரைக்கானது கிடையாது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரை வெளியிட்டு, இந்த ஆண்டு அவற்றுக்கு 600 மேற்கோள் வந்தால் அதன் இம்பாக்ட் ஃபாக்டர் 3. ஒரு சராசரி, அவ்வளவுதான். சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற இதழ் சாட்சி. 2008-ல் சுமார் 2 ஆக இருந்த அதன் இம்பாக்ட் ஃபாக்டர் 2009-ல் 49.9 ஆனது. இதழ் திடீரென்று மாறிவிடவில்லை. படிகங்களின் அமைப்பைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி, அதை எழுதிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-ல் அங்கே ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோரும் அந்த ஒன்றையே மேற்கோள் காட்டினார்கள். அதே இதழின் மற்றக் கட்டுரைகளுக்கு அந்த 49.9-ல் மிகச் சிறிய பங்குதான். "பெரிய இதழில் வந்தது, ஆகவே நல்ல கட்டுரை" என்று சொல்வதில் உள்ள கோளாறு இதுதான்.

இந்த அளவுகோல்கள் எதுவும் பொறுமையாகக் காத்திருப்பதும் இல்லை. பெனிசிலின் பற்றி அலெக்சாண்டர் ஃப்ளெமிங் எழுதியது 1929-ல். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி குழு அதை மருந்தாக்கும் வழியில் இறங்கி எலிகளில் பலன் கண்டு வெளியிட்டது 1940-ல். எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிக்கு அடிப்படையான கட்டுரையைக் கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் கரிக்கோ பல்கலைக்கழகப் பதவியில் கீழிறக்கப்பட்டிருந்தார். 2005-ல் அந்தக் கட்டுரையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2023-ல். இரண்டு ஆண்டு மேற்கோளை வைத்து மதிப்பிட்டிருந்தால் இவை சாதாரணக் கட்டுரைகள்தான்.

## எண்ணையே துரத்தினால்

பதவி, நிதி, தரவரிசை எல்லாம் எண்ணோடு கட்டப்பட்டுவிட்டால் எண்ணைக் கூட்டும் வழியை ஆட்கள் தேடத்தான் செய்வார்கள். ஒரே ஆய்வை நாலாக வெட்டி நாலு கட்டுரையாக்குவது, உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பது, ஒருவருக்கொருவர் மேற்கோள் கொடுத்துக்கொள்வது எல்லாம் நடக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு போலிக் கட்டுரை தயாரித்துத் தரும் கும்பல்களும் வந்துவிட்டன. 2023-ல் மட்டும் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் பெரும்பங்கு ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. நேர்மையாகத் தன் தவறைக் கண்டுபிடித்துத் தானே கட்டுரையைத் திரும்பப் பெறும் ஆய்வாளரும் இதே பட்டியலில்தான் வருவார். அவரை மோசடிக்காரர்களோடு சேர்த்துப் பார்ப்பது பெரிய அநியாயம்.

இதற்கு எதிர்க்குரலும் உண்டு. 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் தொடங்கிய 'டோரா' பிரகடனம், வேலைக்கும் நிதிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இதழின் இம்பாக்ட் ஃபாக்டரைப் பார்க்காதீர்கள், ஆய்வைப் படித்துப் பாருங்கள் என்று கேட்கிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

## அடுத்த அறிவிப்பு வரும்போது

"5,000 கட்டுரைகள்" என்று படித்தால், முழு எண்ணலா பின்ன எண்ணலா, எந்தத் தரவுத்தளம், மருத்துவத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். "எங்கள் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்" என்ற மருத்துவச் செய்தி வந்தால், ஆய்வு மனிதரிலா எலியிலா, எத்தனை பேர், அவதானிப்பா சமவாய்ப்புச் சோதனையா, முன்பதிப்பா மதிப்பாய்வு முடிந்ததா என்று பார்க்க வேண்டும். இதே முடிவுக்கு வேறு குழு யாராவது வந்திருக்கிறார்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லையென்றால், அந்தச் செய்தியை நம்பி மருந்தை மாற்றிவிட வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வெளிவராத ஆய்வுகளைப் பற்றிய கேள்வியையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சோதனைப் பதிவேடுகள் பொதுவானவை, தேடக் கட்டணம் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அது பதிவு செய்த சோதனைகள் வரிசையாக வரும். எப்போது முடிந்தது என்ற தேதி இருக்கும், முடிவு பதிவேற்றப்பட்டதா என்பதும் தெரியும். முடிந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் முடிவுக்கான இடம் காலியாக இருந்தால், அதில் பங்கெடுத்த நோயாளிகள் கொடுத்த சாட்சியம் அந்தப் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை என்று பொருள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.